இரைச்சல் என்று அழித்த சைக்கிள்கள்

"பிள்ளை, இது என்னத்தை எழுதுது?"

தின்னவேலிச் சந்திக்குக் கிட்ட, பலாலி வீதிக் கரையில், ஒரு லைற் போஸ்ற்றில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தேத்தண்ணிக் கடை ஐயா கேட்ட கேள்வி இது. நேரம் விடிய ஐந்தரை. ஏணியில் நின்றவன் எங்கள் குறூப்பில் இருந்த காலிப் பெடியன். அவனுக்குத் தெரிந்த தமிழ் 'வணக்கம்', 'பிளேன்ரீ', 'போதும்' என்ற மூன்று சொற்கள்தான். யாழ்ப்பாணத்துக்கு அவன் வந்ததே அதுதான் முதல் தரம். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நான். எங்களோடு படித்த மட்டக்களப்புப் பிள்ளை வயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இருட்டோடு இருட்டாக, தெரியாத மூன்று பேர், போஸ்ற்றில் ஒரு பெட்டி, சிங்களத்தில் ஒரு கதை. கடை ஐயா கேட்காமல் விட்டிருந்தால்தான் அதிசயம்.

"வாகனங்களை எண்ணுற பெட்டி ஐயா. எத்தினை வாகனம் போகுது எண்டு பாக்கும். கம்பஸ் வேலை. கடிதம் இருக்கு."

"போனையும் எழுதுமோ?"

"சீச்சீ. இல்லை ஐயா."

கடைசியாகச் சொன்னது பொய். அந்தப் பெட்டிக்குள் புளூடூத் தேடுகிற சின்னத் துண்டு ஒன்றும் இருந்தது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது. விளங்கப்படுத்தப் பஞ்சியாக இருந்திருக்கலாம். விடியமுதல் பிரச்சினை வேண்டாம் என்றும் நினைத்திருக்கலாம்.

இது 2023இல் நடந்தது. பொறியியல் இறுதி வருட ஆய்வுக்காக நாங்கள் எடுத்த தலைப்பு, வீதியோரத்தில் மலிவான சென்சர்களை வைத்து, போக்குவரத்து நெரிசலை அந்தந்த நிமிடமே அறிந்துகொள்வது. பெரிய நகரங்களில் இது பழைய வேலை. எங்கள் ஊர்ச் சந்திக்கு ஏற்ற மாதிரி, சில ஆயிரம் ரூபாய்ச் சாமான்களோடு செய்யலாமா என்று பார்ப்பதுதான் எங்கள் திட்டம். இடத்தைத் தெரிவுசெய்தது நான்தான். வீடு கோண்டாவிலில். தங்கச் செலவில்லை, அம்மா மூன்று பேருக்கும் சமைத்துத் தருவா. ஆராய்ச்சி முறைமை என்ற அத்தியாயத்தில் இதை எழுத முடியவில்லை.

இந்த எண்ணுகிற வேலையோடு எனக்கு முதல் பழக்கம் கொழும்பில். இரண்டாம் வருடத்தில் ஒரு கணக்கெடுப்புக்காக எங்களைக் கூட்டிக்கொண்டு போய் காலி வீதியில், வெள்ளவத்தைப் பக்கம், நிறுத்தினார்கள். ஒரு கிளிப் போர்ட், ஒரு படிவம், ஒரு சோத்துப் பார்சல். காலை ஆறிலிருந்து பின்னேரம் ஆறு வரை. படிவத்தில் கார், வான், பஸ், லொறி, ஓட்டோ, மோட்டார் சைக்கிள் என்று நிரல்கள். கடைசி நிரல் சைக்கிள். நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே வெட்ட வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருக்கால் புதுப் பெட்டிக்கு மாற வேண்டும். சிக்னல் விழுந்து பச்சை வந்ததும் ஒரே தரத்தில் நாற்பது வாகனம் பாயும். கையும் கண்ணும் ஒத்து வராது. பாத்ரூம் போகவேண்டும் என்றால் பக்கத்தில் நிற்பவர் இரண்டு பக்கத்தையும் சேர்த்து எண்ணுவார், அதாவது எண்ணுவது மாதிரி நிற்பார். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வந்த கணக்குகளில் எத்தனை கோடு உண்மையாகப் போன வாகனம் என்பதை நான் இங்கே சொல்லப்போவதில்லை.

அப்படி எண்ணி முடித்ததும் எல்லாவற்றையும் ஒரே அலகுக்கு மாற்றுவார்கள். கார் ஒன்று என்றால் 1. பஸ்ஸும் லொறியும் இரண்டுக்கு மேல். மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் அரைக்குக் கீழே. வீதியில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதுதான் அடிப்படை, யார் போகிறார் என்பது அல்ல. அறுபது பேர் தொங்கிக்கொண்டு போகிற பஸ்ஸும் இரண்டரைக் கார்தான். அன்றைக்கு இது எனக்குப் பெரிதாக உறைக்கவில்லை. மாற்றிக் கூட்டினோம், மார்க்ஸ் வந்தது, விட்டுவிட்டோம்.

மனிதன் களைப்பான், இயந்திரம் களைக்காது. அதனால்தான் சென்சர். அதிகம் பயன்பட்டது வீதியை வெட்டித் தாரின் கீழே கம்பிச் சுருளைப் புதைக்கிற முறை. உயர்தரத்தில் பௌதிகம் படித்தவர்களுக்கு இது லேசாக விளங்கும். சுருளில் ஆடலோட்டம் ஓடும், மேலே உலோகம் வந்து நின்றால் சுருளின் தூண்டல் மாறும், மாறினால் ஒரு வாகனம். கலிபோர்னியாவின் பெருந்தெருக்களில் இப்படிப் பல்லாயிரம் சுருள்கள் இருக்கின்றன. சிட்னியில் 1970களில் உருவாக்கப்பட்ட ஸ்கற்ஸ் என்ற முறை இந்தச் சுருள்களை வைத்தே சிக்னல் நேரத்தை மாற்றும். யப்பான் 1996இல் தொடங்கிய விக்ஸ் சேவையோ, வீதியோரக் கருவிகள் மூலம் நெரிசல் விபரத்தைக் காருக்குள் இருக்கிற திரைக்கே அனுப்பியது. வீதியை வெட்டாமல் செய்வதானால் றேடார், கமரா, அகச்சிவப்பு, கேளா ஒலி என்று வேறு வழிகள் உண்டு. தற்காலிகக் கணக்குக்கு வீதிக்குக் குறுக்கே இறப்பர்க் குழாய் போடுவார்கள். சில்லு ஏறினால் காற்று அமுங்கி ஒரு துடிப்பு வரும்.

"கூகிள் மப்பில நெரிசல் தெரியுதுதானே, பிறகேன் பெட்டி?" என்று எங்களைக் கேட்காத ஆள் இல்லை. கூகிளுக்கு வீதி தெரியாது, போன்தான் தெரியும். ஓடுகிற போன்கள் மெதுவானால் அது வீதியைச் சிவப்பாக்கும். 2020இல் சைமன் வெக்கெர்ற் என்ற யேர்மன் கலைஞர் 99 பழைய போன்களைச் சின்ன வண்டில் ஒன்றில் போட்டு, பேர்லின் வீதி ஒன்றில் இழுத்துக்கொண்டு நடந்தார். வெறும் வீதி மப்பில் சிவந்தது. அது எங்கள் முன்மொழிவின் முதலாவது பந்தியில் இருந்தது. எங்கள் பெட்டி அப்படி ஏமாறாது என்று எழுதியிருந்தோம்.

ஏமாந்தது. இரண்டாம் நாளே ஒரு மாடு அதை ஏமாற்றியது.

நாங்கள் வைத்தது கேளா ஒலி சென்சர். வௌவால் மாதிரி ஒலியை அனுப்பி, எதிரொலி வருகிற நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். செக்கனுக்கு இருபது தரம். நாங்கள் வாங்கின மலிவான சென்சர் நாலு மீற்றருக்கு அங்கால் சரிவராது என்பதால் வீதியின் இரண்டு கரையிலும் ஒவ்வொரு பெட்டி. பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு இருக்கும். ஏதாவது குறுக்கே வந்தால் தூரம் குறையும், போனால் கூடும். அதுதான் ஒரு வாகனம். சிம் போட்ட ஒரு மொடெம், நிமிடத்துக்கு ஒருக்கால் கணக்கை அனுப்பும். வீட்டில் விறாந்தையில் இருந்துகொண்டு லப்ரொப்பில் சந்தியைப் பார்த்தோம். திடீரென்று ஒரு பக்கம் முழுச்சிவப்பு. அரை மணித்தியாலமாக ஒன்றும் அசையவில்லை. விபத்து என்று பயந்து ஓடிப்போய்ப் பார்த்தால் பெட்டிக்கு நேர் முன்னால் ஒரு பசு நின்று சந்தையில் எறிந்த கோவா இலையைச் சப்பிக்கொண்டிருக்கிறது. காலிப் பெடியன் அதைப் படம் எடுத்து ஆய்வறிக்கையின் முன்னட்டையில் போடவேண்டும் என்று நின்றான்.

பசுவுக்குப் பிறகு நாய். நாய்க்குப் பிறகு பஸ்ஸுக்கு நிற்கிற சனம். சந்தைப் பையை வைத்துவிட்டு பெட்டியைச் சாய்ந்துகொண்டு நின்று கதைக்கிற அம்மாமார். இவையெல்லாம் சேர்ந்து கணக்கை நாசமாக்கின. அன்றிரவு இருந்து நான் புரோகிராமில் இரண்டு வரி சேர்த்தேன். பெட்டியிலிருந்து ஒன்றரை மீற்றருக்குள் வருகிற எதையும் எண்ணாதே. தூரம் மாறி மாறித் துள்ளினாலோ எதிரொலி இடையில் அறுந்தாலோ எண்ணாதே. காரின் பக்கம் தட்டையாக இருக்கும், எதிரொலி ஒழுங்காக வரும். நடக்கிற மனிதரில் கை கால் ஆடும், துள்ளும். அந்த இரண்டு வரிக்கும் மேலே குறிப்பாக ஒரே ஒரு சொல் எழுதினேன்: இரைச்சல்.

மறுநாள் வரைபு வடிவாக வந்தது. மேற்பார்வை செய்த சேருக்கு அனுப்பினோம். நல்லது, இனிக் கையால் எண்ணி ஒப்பிட்டுப் பாருங்கள் என்று பதில் போட்டார்.

அந்தக் கிழமையே ஒரு காலை, ஆறு மணிக்கு, பழைய கிளிப் போர்ட்டோடு தேத்தண்ணிக் கடை வாங்கிலில் போய் இருந்தேன். தின்னவேலிச் சந்தைக் காலை எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. லாண்ட்மாஸ்ரர், கூரையில் மரக்கறி மூட்டை ஏற்றின வான், ஓட்டோ, பள்ளிக்கூடப் பிள்ளைகள், கம்பஸ் பெடியள், அவைக்கு நடுவில் சைக்கிள்கள். கரியரில் சாக்கு, ஹாண்டிலில் இரண்டு பக்கமும் வாழைப்பொத்தி, சீற்றில் ஏறாமல் உருட்டிக்கொண்டு வருகிற கிழவர்கள். கொழும்புப் படிவத்தில் கடைசி நிரலில் சும்மா கிடந்த சைக்கிள், இங்கே கை வலிக்க வலிக்கக் கோடு கேட்டது.

அப்பாவும் வந்தார். அவருக்குக் கோண்டாவிலில் கொஞ்சத் தோட்டம். கத்தரிக்காயும் பயித்தங்காயும் கரியரில் கட்டிக்கொண்டு வந்து சந்தையில் போட்டுவிட்டு எட்டு மணிக்கு முதல் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். என்னைக் கண்டார், நிற்கவில்லை. சுமையோடு நின்றால் பிறகு மிதிக்க ஏலாது. தலையை மட்டும் ஒருக்கால் ஆட்டினார். நான் சைக்கிள் நிரலில் ஒரு கோடு போட்டு, நேரத்தையும் பக்கத்தில் குறித்தேன். ஆறு நாற்பத்திரண்டு.

இரவு மூன்று பேரும் இருந்து நிமிடம் நிமிடமாக ஒப்பிட்டோம். கார் சரி. வான் சரி. பஸ் சரி. ஓட்டோ ஒன்றிரண்டு கூடக்குறைய. மோட்டார் சைக்கிள் கொஞ்சம் குறைவு. சைக்கிளில், நான் கையால் எண்ணினதில் பாதிகூடப் பெட்டியில் இல்லை. ஆறு நாற்பத்திரண்டைத் தேடினேன். அந்த நிமிடத்தில் ஒரு லொறியும் இரண்டு ஓட்டோவும் போயிருக்கின்றன. அப்பா போகவில்லை.

சென்சருக்குத் தெரியவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். சைக்கிள் மெல்லிசு, கம்பிக்குள்ளால் ஒலி போயிருக்கும். பிறகு வடிகட்டாத மூலத் தரவைத் திறந்து பார்த்தேன். இருந்தார். ஒரு மீற்றர் பத்து சென்ரிமீற்றர், ஒரு மீற்றர் இருபது, நடுவில் ஒரு இடைவெளி, திரும்ப ஒரு மீற்றர் பதினைந்து. சில்லு, கால், மிதி, சாக்கு. பெட்டி அவரைக் கண்டிருக்கிறது. கண்டபிறகு, நான் எழுதின வரி அவரை இரைச்சல் என்று அழித்திருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் வேறு மாதிரி நடக்க வழியே இல்லை. எங்கட வீதிகளில் சைக்கிள்காரர் எங்கே போவார்? கரையில். பஸ் ஹோர்ன் அடித்தால் அந்தக் கரைக்கும் கரையில், மண்ணில். கார்ப்பெற் றோட்டு வந்து வாகன வேகம் கூடின பிறகு இன்னும் ஓரமாக. வீதி அவர்களை ஒன்றரை மீற்றருக்குள் தள்ளியிருக்கிறது. நான் அந்த ஒன்றரை மீற்றரை எண்ணாதே என்று எழுதினேன்.

இது என்னுடைய கெட்டித்தனக் குறைவு மட்டும் இல்லை. வீதியில் புதைக்கிற சுருளும் காரின் உலோகத்துக்கு ஏற்றமாதிரி சரிசெய்திருந்தால் சைக்கிளைக் காணாது. சிவப்பில் நின்ற சைக்கிள்காரருக்குப் பச்சை வராமல் போகிற முறைப்பாடு பல நாடுகளில் இருக்கிறது. நெதர்லாந்தில் சைக்கிள் பாதைக்கென்றே தனிச்சுருள் புதைக்கிறார்கள். கோப்பன்ஹேகனில் நோரேப்ரோ வீதியில் சைக்கிள்காரரின் இருபது கிலோமீற்றர் வேகத்துக்குச் சிக்னல்களை ஒழுங்குபடுத்தி, காலையில் நகருக்குள் போகிற சைக்கிள்கள் நிற்காமல் போக விட்டிருக்கிறார்கள். தொழில்நுட்பம் அதேதான். ஆரைப் பார்க்கவேண்டும் என்று முதல் முடிவெடுத்திருக்கிறார்கள்.

எனக்கு அன்றிரவு உறக்கத்தைக் கெடுத்தது கோப்பன்ஹேகன் இல்லை, 2022. பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற அந்த மாதங்களை நாங்கள் எல்லாரும் கண்டோம். யூலையில் கியூஆர் அட்டை வரும்வரைக்கும், வந்த பிறகும்கூட, பலாலி வீதி முழுக்கச் சைக்கிள். ஆசிரியர்கள், நேர்ஸ்மார், பாங்க் ஆட்கள், கல்யாணத்துக்குப் போகிறவர்கள். மூலைக்குள் கிடந்த லுமாலாக்களுக்கெல்லாம் புது ரயர் போட்டார்கள், கடையில் சைக்கிள் விலை கேட்கவே ஏலாது. எங்கள் பெட்டி அப்போது அங்கே இருந்திருந்தால் வீதி வெறிச்சோடிக் கிடக்கிறது என்று நிமிடத்துக்கு ஒருக்கால் அறிவித்திருக்கும். அம்மா சொல்கிற தொண்ணூறுகளுக்கும் இதே கதைதான். பொருளாதாரத் தடை, பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடுகிற ஒன்றிரண்டு பழைய கார். மற்றதெல்லாம் சைக்கிளில். நோயாளியும் சைக்கிளில், விறகும் சைக்கிளில். இரவில் செய்தி கேட்க றேடியோவுக்கும் சைக்கிளின் டைனமோதான். ஒரு ஊர் முழுக்க அசைந்துகொண்டிருக்க, கணக்கில் பூச்சியம்.

இந்தக் கணக்குகள் சும்மா கிடக்கப்போவதில்லை. எந்தச் சந்தியை அகட்டுவது, எங்கே நடைபாதையை வெட்டுவது, எங்கே சிக்னல் போடுவது என்று ஒரு மேசையில் முடிவெடுக்கும்போது இப்படியான ஒரு வரைபைத்தான் விரித்து வைப்பார்கள். வரைபில் இல்லாத ஆளுக்கு எவரும் பாதை கீறமாட்டார்கள்.

அந்த இரண்டு வரியையும் மாற்ற நாலு நாள் போனது. இரண்டு சென்சரை அரை மீற்றர் இடைவெளியில் வைத்து, எது முதலில் காண்கிறது, எவ்வளவு நேரத்தில் மற்றது காண்கிறது என்று பார்த்தோம். நடக்கிற வேகத்துக்கும் சைக்கிள் வேகத்துக்கும் வித்தியாசம் உண்டு. திருத்தின பிறகு பெட்டி கூடுதலான சைக்கிள்களைக் கண்டது. ஓடி வந்து பஸ் ஏறினவர்களையும் சைக்கிள் என்றது, உருட்டிக்கொண்டு போன கிழவர்களைத் தொடர்ந்தும் விட்டது. சரியான கணக்கு என்று சொல்லமாட்டேன். பிழை எந்தப் பக்கம் விழுகிறது என்றாவது எங்களுக்குத் தெரிந்தது.

இனி அந்தப் பொய்.

புளூடூத் துண்டின் வேலை எண்ணுவது அல்ல. ஒவ்வொரு புளூடூத் கருவிக்கும் 48 பிட்டில் ஒரு முகவரி உண்டு. கோண்டாவிலில் ஒரு பெட்டி, தின்னவேலியில் ஒரு பெட்டி. அதே முகவரி இரண்டு இடத்திலும் தென்பட்டால், இடையில் போன நேரத்தைக் கணக்கிடலாம். பயண நேரம் அறிய உலகம் முழுக்கப் பயன்படுகிற வழி. புதுப் போன்கள் இப்போது முகவரியை மாற்றி மாற்றிக் காட்டும். வைஃபைக்கு அப்பிள் அதை 2014இல் கொண்டுவந்தது. ஆகவே எங்களுக்கு அதிகம் அகப்பட்டவை கார்களின் பாட்டுப்பெட்டிகளும், காதில் மாட்டுகிற ஹெட்செற்றுகளும், புளூடூத்தைத் திறந்தே விட்டிருக்கிற போன்களும்தான். இங்கேயும் அப்பா இல்லை. அவரிடம் இருப்பது பட்டன் போன். சந்தைக்குப் போகும்போது அதையும் வீட்டில் வைத்துவிட்டுப் போவார்.

சோதனைக்காக, முகவரியோடு கருவியின் பெயரையும் சேமிக்கும்படி விட்டிருந்தோம். பிறகு அதை நிறுத்த மறந்துவிட்டோம். ஒரு நாள் இரவு பட்டியலைக் கீழே கீழே இழுத்துக்கொண்டு போனேன். கார்ப் பெயர்கள், ஹெட்செற் மொடல்கள், இடையிடையே ஆட்கள் தங்கள் போனுக்கு வைத்த செல்லப் பெயர்கள். அதில் ஒன்று எனக்குத் தெரிந்த பெயர். எங்கள் ஒழுங்கையில் இருக்கிற ஒருவருடையது. அவர் காலையில் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார் என்று இருந்தது. அது எனக்கு முன்பே தெரியும். கிழமையில் மூன்று நாள் இரவு ஒன்பதுக்குப் பிறகு தின்னவேலிப் பக்கம் போய்ப் பதினொன்றுக்குத் திரும்புகிறார் என்றும் இருந்தது. அது எனக்குத் தெரியாது. தெரியவும் தேவையில்லை. அவரைப் பார்த்துத்தான் நான் தினமும் சிரித்துவிட்டுப் போகிறேன். லப்ரொப்பை மூடினேன்.

நான் 2009இல் பத்து வயதுப் பிள்ளை. 2006 ஓகஸ்ட்டில் ஏ9 பூட்டுப்பட்ட பிறகு யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஆட்களுக்கு, வீதியில் நின்று ஒருவர் எழுதுவது என்றால் ஒரு அர்த்தம்தான். சென்றியில் சைக்கிளால் இறங்கி உருட்டிக்கொண்டு போகவேண்டும். அடையாள அட்டையை வாங்கிப் பார்ப்பார்கள், சில நேரம் கொப்பியில் எழுதுவார்கள். எதற்கு என்று கேட்கிற பழக்கம் எவருக்கும் இல்லை. ஆமியின் வாகனத் தொடர் வந்தால் எல்லாச் சனமும் கரையில் நின்று, போய் முடியும்வரை பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். கொழும்பில் அறை எடுத்த மாமாவுக்குப் பொலிஸ் பதிவு. எங்கே இருந்து வாறாய், எங்கே போறாய், எப்ப திரும்புவாய். எங்கட அசைவெல்லாம் எங்கேயோ ஒரு கொப்பியில் கிடந்தது. இப்ப நான் அதைவிட வடிவான கொப்பி ஒன்றைச் செய்து லைற் போஸ்ற்றில் கட்டியிருக்கிறேன். அது நேரத்தைச் செக்கன் வரைக்கும் எழுதும்.

குறூப்பில் இதைக் கதைத்தபோது காலிப் பெடியனுக்கு முதலில் விளங்கவில்லை. "நாங்கள் கெட்டவர்கள் இல்லையே, மார்க்ஸுக்குத்தானே செய்கிறோம்" என்றான். சண்டைக்குச் சொன்னதில்லை. அவன் வளர்ந்த வீதியில் எழுதுகிற ஆள் என்றால் தபால்காரர். மட்டக்களப்புப் பிள்ளை ஒன்றும் சொல்லாமல், லப்ரொப்பை இழுத்துப் பெயர் நிரலை முழுதாக அழித்தாள். பிறகு மூன்று பேருமாக இருந்து மிச்சத்தைச் செய்தோம். முகவரியை அப்படியே ஒருவழிக் குறியீடாக மாற்றினால் போதாது. 48 பிட் என்பதால் எல்லா முகவரியையும் கணினியில் போட்டுப் பார்த்துத் திரும்ப மீட்கலாம். அதனால் ஒவ்வொரு நாளும் நள்ளிரவில் மாறுகிற ஒரு இரகசியச் சாவியைச் சேர்த்து, பழைய சாவியை அழிக்கும்படி எழுதினோம். இன்றைக்குப் போனவர்தான் நாளைக்கும் போகிறார் என்று எங்களுக்கே தெரியவராது. பெட்டிக்குள் பெயரும் முகவரியும் தங்காது.

இலண்டனில் 2013இல் குப்பைத் தொட்டிகளுக்குள் இப்படிக் கருவி வைத்து, நடந்துபோகிற ஆட்களின் போன்களை ஒரு விளம்பர நிறுவனம் எண்ணியது. செய்தி வெளியே வந்ததும் நகர நிர்வாகம் நிறுத்தச் சொன்னது. அதே இலண்டனில் 2016இல் நிலக்கீழ் ரயில் நிலையங்களில் வைஃபை மூலம் பயணப் பாதைகளை ஆராய்ந்தபோது, நிலையங்களில் அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். விருப்பமில்லாதவர் வைஃபையை நிற்பாட்டலாம். அந்த அறிவித்தல்தான் எங்களிடம் இல்லாதது.

மறுநாள் கடை ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அன்றைக்குப் பொய் சொன்னனான் ஐயா, அது போனையும் ஓரளவு பாக்கும், இனிப் பேர் ஒண்டும் வராது.

அவர் சேர்ட் பொக்கெற்றிலிருந்து தன் போனை எடுத்துக் காட்டினார். "இதையுமோ?"

"புளூடூத் போட்டிருந்தால்."

"அது எப்பிடிப் போடுறது எண்டே எனக்குத் தெரியாது." பிறகு தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, "எனக்கு அண்டைக்கே தெரியும். இல்லையெண்டு நீர் கெதியாச் சொன்னனீர்" என்றார்.

மூன்று மொழியிலும் ஒரு தாளில் எழுதி, பிளாஸ்ரிக் உறையில் போட்டுப் பெட்டியில் ஒட்டினோம். இது வாகனங்களை எண்ணுகிற கருவி, புளூடூத் கருவிகளையும் காணும், பெயர் சேமிக்காது, விருப்பமில்லையென்றால் நிறுத்திவிடுங்கள், இன்னாருடைய ஆய்வு, இந்தத் திகதி வரை. ஆட்கள் நின்று வாசித்தார்கள். கம்பஸ் பெடியள் சிலர் போனை எடுத்து ஏதோ செய்துவிட்டுப் போனார்கள். பொலிஸ்காரர் இரண்டு பேர் வந்து தாளையும் வாசித்து, கடிதத்தையும் வாங்கிப் பார்த்து, காலிப் பெடியனோடு கிரிக்கெற் கதைத்துவிட்டுப் போனார்கள். நாலாம் நாள் எங்கள் அறிவித்தலுக்கு மேலே, சாதாரணதரக் கணித வகுப்புத் தொடங்குகிறது என்று ஒரு ரியூசன் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பக்குவமாக உரித்து எடுத்தோம். அடுத்த நாள் திரும்ப ஒட்டியிருந்தது.

அறிவித்தல் ஒட்டினபிறகு புளூடூத் எண்ணிக்கை குறைந்ததா என்று நேர்முகப் பரீட்சையில் கேட்டார்கள். கொஞ்சம் குறைந்தது. அதை ஒரு குறைபாடாக எழுதியிருக்கிறீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றோம்.

கழற்றப் போன நாளும் விடியக்காலைதான். பெட்டியை இறக்கி, கிளிப்புகளைக் கழற்றி, போஸ்ற்றில் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தோம். கடை ஐயா மூன்று பிளேன்ரீ கொண்டுவந்து வாங்கிலில் வைத்தார். காசு வாங்கமாட்டன் என்றார்.

"என்ன பிள்ளை, எண்ணி முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது ஐயா."

"சைக்கிள் எத்தினை?"

சொன்னேன். ஒரு காலைக்குச் சராசரி இவ்வளவு, பெட்டி விட்டதைக் கைக்கணக்கை வைத்துத் திருத்தியிருக்கிறோம் என்றும் சொன்னேன்.

"கையால எத்தினை மணிக்கு எண்ணத் துவங்கினனீர்?"

"ஆறு."

"அப்ப நாலரைக்கு மரக்கறி கொண்டுவாற சனம்? அஞ்சு மணிக்குப் போற மீன்காரர்?"

நான் சந்தியைப் பார்த்தேன். லைற் இல்லாத ஒரு சைக்கிள், இரண்டு பக்கமும் சாக்குத் தொங்க, கரையோடு கரையாக வந்துகொண்டிருந்தது. ஐயா உள்ளே போய் அடுப்பைக் கூட்டத் தொடங்கினார்.